கழிக்க மறந்த நாள்

பாடாங் செராய் எண்ணெய் ஆலையில்
நான் தராசுக் கிராணி.
செம்பனைக் குலையோடு வரும் லோரியை ஒருதரம் நிறுப்பேன்,
கொட்டிவிட்டுப் போகையில் ஒருதரம்.
கழித்தால் மிஞ்சுவதற்குத்தான் காசு.
லோரியும் டிரைவரும்
சீட்டுக்கடியில் அவன் ஒளித்துவைத்த டுரியானும்
கணக்கில் வராது.

பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்கு
ஆகாய வழி இருநூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம்.
மகள் அட்லஸில் அடிமட்டம் வைத்து
"அம்மா ஆறு சென்டிமீட்டர்ப்பா" என்றாள்.

லோகேஸ்வரி அங்கே கணித ஆசிரியை.
ஆறு வருடமாக, மாதம் ஒருமுறை
ராத்திரி பஸ்ஸில்தான் போய்வருகிறேன்.
எட்டு மணி நேரம்.
கிளம்பும்போது மடியில் ஒரு சண்டை இருக்கும்.
கெரிக்கில் தே தாரிக் குடிக்க நிறுத்துவார்கள்,
பாதிச் சூடு அங்கேயே ஆறிவிடும்.
யானை கடக்கும் என்று பலகை வைத்த வளைவுகளில்
கடுஞ்சொற்களை ஒவ்வொன்றாக இறக்கிவிடுவேன்.
ஜெலி தாண்டும்போது
"சாப்பிட்டியா" மட்டும் கையில் இருக்கும்.

இந்தத் தடவை அவ்வளவு பொறுமை இல்லை.
மாற்றல் மனுவை இந்த வருடம் அவள் போடவே இல்லை என்று
அவள் தம்பியே வாய்தவறிச் சொன்னான்.
நூற்றுமுப்பத்தொன்பது வெள்ளிக்கு டிக்கெட் எடுத்தேன்.

சூசைநாதன் லோரியில் டவுன்வரை,
பட்டர்வொர்த்துக்கு ஒரு பஸ், பெர்ரி,
தீவில் இன்னொரு பஸ்,
பெல்ட்டைக் கழற்றி ஒரு வரிசை, மாட்டிக்கொண்டு ஒரு வரிசை.
நாலேகால் மணி நேரம்.
பறப்பது ஐம்பத்தைந்து நிமிடம் என்றது டிக்கெட்.
தொழில் புத்தி விடுமா?
ஓடுபாதையில் ஊர்ந்ததையெல்லாம் கழித்தேன்.
நிகரம் நாற்பத்தொன்று.

ஏறிய ஆறாம் நிமிடம்
இறக்கைக்குக் கீழே எங்கள் ஆலைப் புகை.
விடிந்ததிலிருந்து நான் தாண்டி வந்ததையெல்லாம்
பெல்ட் விளக்கு அணைவதற்குள்
விமானம் திரும்பத் தாண்டிவிட்டது.
தராசின்மேல் ஒரு லோரி.
ஏறுகிறதா இறங்குகிறதா,
மேலிருந்து தெரியவில்லை.

பிறகு மலை, மலைமேல் மேகம்.
கெரிக் எங்கே போனதென்றே தெரியாது.
யாரும் டீக்கு நிறுத்தவில்லை.

சுடச்சுட இறங்கினேன்.
கார்ச் சாவியோடு நின்றவளிடம்
காட்டில் விட்டிருக்க வேண்டிய சொல்லை
சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை.
கைப்பையில் பார்க்கிங் சீட்டைத் தேடிக்கொண்டே கேட்டாள்:
"அஞ்சு தடவை நான் மனு போட்டேன்.
நீங்க எத்தனை தடவை போட்டீங்க?
கெலந்தான்லயும் செம்பனை காய்க்குது.
இங்கயும் நிறுக்கிறதுக்கு ஆள் தேடுறாங்க."

திரும்பும் டிக்கெட் பையிலேயே இருந்தது.
பஸ்ஸில் வந்தேன்.
எட்டு மணி நேரம் போதவில்லை.

திங்கட்கிழமை சூசைநாதன் வந்தான், கொட்டினான்,
காலி லோரியைத் தராசில் நிறுத்திவிட்டு
சன்னலுக்குள் கை நீட்டினான்.
எழுதிக் கொடுத்தேன்.
படித்துப் பார்த்துச் சிரித்தான்:
"என்ன கிராணி,
என்னையும் சேர்த்து ஆலைக்கு வித்துட்டீங்களா?"