சும்மாட்டு நிறம்

அளவு வந்திருக்கிறது: தலைச்சுற்று ஐம்பத்தெட்டு.
எட்டுத் துண்டு, உச்சியில் ஒரு காம்பு.
கோட்டாறு சந்தைக்குப் பின்னால் என் கடையில்
புது ஆயருக்குத் தொப்பி தைக்கிறேன்.

நிறத்தில்தான் தகராறு.
"செவப்பும் இல்ல, ஊதாவும் இல்ல, எரோணிமூஸ்,
ரெண்டுக்கும் நடுவுல" என்று
செயலர் சாமியார் மூன்று முறை துணியைத் திருப்பியனுப்பினார்.
முழுச் சிவப்பு கர்தினாலுக்கு.
வெள்ளை ஒரே ஒருவருக்கு.
கறுப்பு, பங்குச் சாமியாருக்கும்
இஸ்திரி போட்டுப் போட்டு மினுங்கும் அவர் முழங்கைக்கும்.

குருமடத்தில் இரண்டு வருஷம் லத்தீன் தின்று
மூன்றாம் வருஷம் மதிலேறிக் குதித்தவன் நான்.
வினைச்சொல் எல்லாம் போயிற்று.
மிஞ்சியது ஒரு கரை:
ரோமாபுரியின் செனட்டருக்கு அகலக் கரை,
அவனுக்கு ஒரு படி கீழே நின்றவனுக்கு ஒல்லிக் கரை,
ஆடை முழுதும் அந்த நிறமென்றால் அது பேரரசன்.
பிறகொரு காலம்
வேறெவன் உடுத்தினாலும் ராஜதுரோகம்.
ஒரு கரைக்குப் பத்தாயிரம் முள்ளிச்சங்கு.
உப்பில் ஊறவைத்து, நாட்கணக்கில் காய்ச்சி,
சாயப்பட்டறையை ஊருக்கு வெளியே வைத்திருந்தார்களாம்.
அத்தனை நாற்றம்.
உடுத்தியவன்மேலும் அடித்திருக்கும்.
யார் சொல்வது அவனிடம்?

இங்கேயும்தான்,
தோளில் துணி போட்டதற்காகச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள்.
அதற்கு நிறம்கூட வேண்டியிருக்கவில்லை.

பதினொரு மணிக்கு அத்தனாசி வந்தாள், பள்ளத்திலிருந்து.
சாளைக் கூடையை வாசற்படியில் இறக்கினாள்.
"டெய்லரே, இது என்னது, குட்டிச் சும்மாடா?"
"தொப்பி."
"இதுக்க மேல என்னத்த சொமப்பாரு?"
வாயில் ஊசி இருந்தது. நல்லதாய்ப் போயிற்று.

அவள் பெருவிரல் நகத்தடியில் ஒரு கறை.
வலையில் சிக்கிய முள்ளியை உடைத்துக் கறியெடுத்தாளாம்.
மஞ்சளாய் வழிந்த சளி
வெயில் பட்டுப் பச்சையாகி, நீலமாகி,
சாமியார் கேட்ட அந்த நடுவில் வந்து நின்றுவிட்டது.
"சோப்பு போட்டும் போவல, பாத்தீரா."
துணியை அவள் விரலருகே பிடித்துப் பார்த்தேன்.
விரல்தான் சரி.

மிச்சத் துண்டைக் கேட்டாள். கொடுத்தேன்.
பழஞ்சேலைக் கிழிசலின்மேல் வரிந்து சுற்றி,
தலையில் வைத்து, அதன்மேல் கூடையேற்றி
வடசேரிப் பக்கம் நடந்தாள்,
கழுத்து ஆடவில்லை.

வெள்ளிக்கிழமை தொப்பியை ஒப்படைத்தேன்.
சனிக்கிழமை மழை.
அத்தனாசி கடைமுன் வந்து நின்றாள்:
நெற்றியிலிருந்து தாடைவரை சிவப்பாய் ஒழுகுகிறது.
"ரத்தம்னு நெனச்சு ஒருத்தியும் மீன் வாங்கல.
ஒம்ம சாயம் ஓய்!"
பெருவிரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.
அது மட்டும் அப்படியே இருந்தது.

கழுவிப் பார்க்காமல் வாங்கிய பட்டு.
என் தப்புதான்.
கூடை மீனையும் நானே வாங்கிக்கொண்டேன்.

நாளை மாலை ஆறு மணிக்குத் தேர்.
ஆயர் முன்னால் நடப்பார், திறந்த வானத்துக்குக் கீழே,
தலையில் எட்டுத் துண்டு, ஒரு காம்பு.
சவேரியார் கோயிலுக்கு மேல்
மருந்துவாழ்மலைப் பக்கமிருந்து ஒரு மேகம்
வந்து நின்றுகொண்டு போகமாட்டேன் என்கிறது.

நானோ
மேலே பார்ப்பதும் சாளை ஆய்வதுமாய் இருக்கிறேன்.
இன்னும் பாதிக் கூடை கிடக்கிறது.