ஈரத்துக்கு மூன்று கிலோ

கண்டியில் ஆறு மாதம் படித்தேன்.
முதல் வாரம் முழுக்க எலும்புகளின் பெயர்,
அடுத்த வாரம் தசைகள்.
தோளிலிருந்து கழுத்துக்கு ஏறும் அந்த முக்கோணம்
சுவர்ப் படத்தில் சிவப்பாக இருந்தது.
இதற்கெல்லாம் பெயர் உண்டா என்று
எனக்கு ஆச்சரியம்.
எங்கள் லயத்தில் அது
கூடைக்கயிறு இழுக்கிற இடம்.
அவ்வளவுதான்.

ஷிராணியின் முதுகில் நான், என் முதுகில் அவள்,
மாறி மாறிப் பழகினோம்.
பெருவிரலை நம்பாதே, ஐந்து வருடத்தில் போய்விடும்,
உடம்பின் பாரத்தைச் சாய் என்றார்கள்.
பாரத்தைச் சாய்ப்பது எனக்குச் சுலபம்.
சரிவில் நின்று பழகிய யாருக்கும்
சுலபம்.

ஸ்பாவா, என்று கேட்டார்கள் ஊரில்,
கேட்டுவிட்டு
வெற்றிலையோடு அந்தச் சொல்லையும் துப்பினார்கள்.
பெண் பார்க்க வந்த இறக்குவானைக்காரர்கள்
தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.
மீதியை நான்தான் குடித்தேன்.
சீனி கூட.

பண்டாரவளையில், பார்மசிக்குப் பின்னால்,
பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை.
இரண்டு துவாய், வெந்நீர்ப் போத்தல், நல்லெண்ணெய்.
பலகையில் மசாஜ் என்று எழுதுவதா
உடம்புப் பிடி என்று எழுதுவதா,
ஒரு நாள் முழுக்க யோசித்து
இரண்டையும் எழுதினேன்.

பதுளை பஸ் சாரதிக்கு
கிளச் மிதித்து மிதித்து இடது இடுப்பு மட்டும் கல்.
லீக்ஸ் மூட்டை இறக்குகிற சுனில்
படுத்த மூன்றாம் நிமிடம் குறட்டை.
ஒரு டீச்சர் அழுதார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
அழுத்தத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.
போகும்போது
குடையை மறந்து நனைந்துகொண்டே போனார்.

போன புதன்கிழமை, அடைமழையில்,
அருளாந்து கணக்கப்பிள்ளை வந்தார்.
கழுத்து திரும்பவில்லை,
ஆள் முழுதாகத் திரும்பிக் கதவைச் சாத்தினார்.
என்னைத் தெரியவில்லை.
கவிழ்ந்து படுத்தவருக்கு
எந்தக் கையும் கைதான்.

இருபது வருடம்
தராசு முள்ளைக் குனிந்து பார்த்த கழுத்து.
ஈரத்துக்கு மூன்று கிலோ,
சாக்குக்கு ஒன்று.
அம்மாவின் பதினெட்டு, பதினான்காகி,
அரைப்பேராகி,
என் பள்ளிக்கூடச் சப்பாத்து
அடுத்த மாதமாகி,
அதற்கடுத்த மாதமாகி.

எங்கே அழுத்தினால் ஓர் ஆள்
மூன்று நாளைக்கு எழும்பமாட்டான் என்பதும்
பாடத்தில் இருந்தது,
செய்யக்கூடாதவை என்ற பக்கத்தில்.

எண்ணெயைக் கையில் சூடாக்கினேன்.
தேடவே வேண்டியிருக்கவில்லை.
கொட்டைப்பாக்கு அளவில் ஒரு முடிச்சு,
அம்மாவுக்கு இருக்கிற அதே பக்கம்,
அதே ஆழம்.
விரல் ஒரு கணம் நின்றது.
பிறகு முழங்கையை வைத்து
மெல்லச் சாய்ந்தேன்,
அவர் மூச்சு விடும்போது உள்ளே,
இழுக்கும்போது சும்மா.
முனகினார்.
முடிச்சு
பிடிவாதமாக இருந்து, இருந்து,
ஈர மண் போல விட்டுக்கொடுத்தது.

மணி பார்த்தேன்.
ஐம்பத்தாறு நிமிடம்.
மிச்சம் நாலு இருந்தது.
அதையும் கொடுத்தேன்.

எழுந்து உட்கார்ந்து
இடப்பக்கம் திருப்பினார், திரும்பியது.
வலப்பக்கம் திருப்பியபோது என்னைப் பார்த்தார்.
நீ... மேற்பிரிவு செபமாலை மகளா?
ஓம். நூற்று நாற்பத்தேழாம் நம்பர்.

சட்டையை
உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு
மழையில் இறங்கினார்.

காசை எண்ணினேன்.
சரியாக இருந்தது.