சைகை

ஃபலேசியின் தட்டிக்கும் என் தட்டிக்கும் நடுவே
ஏழு தப்படி மணல்.
பதினோரு வருடமாக அதே ஏழு.
அவளுடைய உசிப்பா வெள்ளிபோல் காயும்.
என்னுடையதும் அப்படித்தான்.
ஆனால் முசூசுவிலிருந்து வரும் லாரி
அவளிடம்தான் முதலில் நிற்கும்,
அவள் வாய் அப்படி.
வாளிக்கு இருநூறு க்வாச்சா குறைப்பாள்.
நான் இருநூற்றைம்பது.
அவள் முந்நூறு.
பொழுது சாயும்போது
லாரிக்காரன் மட்டும் சிரித்துக்கொண்டே போவான்.

ஞாயிற்றுக்கிழமை
இருவருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே கறுப்புப் பாவாடை,
பெண்கள் சங்கத்து வரிசையில் பக்கத்துப் பக்கத்து இடம்.
அவள் ஜெபம் நீளம்.
என் ஜெபத்தை அதைவிடக் கொஞ்சம் நீட்டுவேன்.
கர்த்தர் இரண்டையும் பொறுத்துக்கொண்டார்.

போன மாதம் போதகர் சிராம்போ
அந்த ஏரியைப் பற்றி வாசித்தார்.
இரவெல்லாம் வெறும் வலை,
விடிந்ததும் கிழியக் கிழிய மீன்.
பிரசங்கம் கீழ்ப்படிதலைப் பற்றி.
நான் அங்கே போகவில்லை,
அதற்கு முந்தின வரியிலேயே நின்றுவிட்டேன்:
பேதுரு பக்கத்துப் படகைப் பார்த்துக் கையை ஆட்டுகிறான்,
வா என்று.

ஆண்டவருக்கு அளவு தெரியாதா?
ஒரு படகு கொள்ளும் மட்டும்
மீன் தந்திருக்கலாமே.
மீன் பிறந்த நாளிலிருந்து மீனை அறிந்தவர்,
ஒரு படகுக்கு அடங்காத அற்புதத்தை
ஏன் செய்தார்?
மற்றப் படகுக்காரன்
முந்தின நாள் சந்தையில் விலை குறைத்தவனா என்று
எழுதியிருக்கவில்லை.
திரும்பத் திரும்பத் தேடினேன்.

செவ்வாய்க்கிழமை ஃபலேசி
பேரனுக்குக் காய்ச்சல் என்று சிந்தேச்சே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.
ஏரிக்கு மேலே வானம் ஈயப் பாத்திரமாய்க் கறுத்தது.
என்னிடம் ஒரு தார்ப்பாய்.
ஒரு தட்டிக்குத்தான் காணும்.
இது கணக்கு, பாவமல்ல
என்று சொல்லிக்கொண்டே
என் மீனை மூடினேன். ஓரங்களில் கல் வைத்தேன்.
முதல் துளிகள் அவளுடைய மீன்மேல் விழுந்தன.
ஒவ்வொன்றாய்,
பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல.

சரி, நான் பரிசுத்தவதி அல்ல.
கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுத்தான்
கல்லை உதைத்துத் தள்ளினேன்.
அவளுடையதை அள்ளி அள்ளி
என்னுடையதன்மேல் கொட்டினேன்,
இரண்டையும் சேர்த்து மூடி
தார்ப்பாயின் ஒரு முனையை மழை முடியும்வரை
கையாலேயே பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

அடியில் இருந்தது புழுங்கி
மூன்று வாளி வீண்.
மிச்சம் கலந்துவிட்டது.
மறுநாள் ஃபலேசி வந்தாள்,
நன்றி சொல்லவில்லை.
"ஏன் கலந்தாய்?" என்றாள்.
உட்கார்ந்து பிரிக்கப் பார்த்தாள்.
விரல்நீள மீன், எல்லாம் ஒரே வெள்ளி.
எது யாருடையதென்று ஏரியே சொல்லாது.
பேரன் எப்படி என்று கேட்டேன்.
கஞ்சி குடித்தான் என்றாள்.
வீணாய்ப்போன மூன்று வாளியைப் பற்றி
இருவரும் பேசவில்லை.

அடுத்த வாரமே ஐம்பது க்வாச்சா குறைத்தாள்.
ஆமாம், குறைத்தாள்.

ஆனால் நேற்று
பெரிய லாரி ஒன்று வந்து
அவள் தட்டியருகே நின்றது.
நான் முதுகைக் காட்டி
வலைத்துண்டைத் தைத்துக்கொண்டிருந்தேன்.
விசில் சத்தம்.
திரும்பினால் ஃபலேசி,
ஒரு கை இடுப்பில்,
மற்றக் கை காற்றில் ஆடுகிறது:
"நாற்பது வாளி கேட்கிறான்,
என்னிடம் இருபத்தாறுதான். வா!"

ஏழு தப்படியும் நடந்தேன்.
பணத்தை அவள் மூன்று முறை எண்ணினாள்.
நானும் மூன்று முறை.
பரலோகம் இன்னும் தூரம்.

அந்தப் படகுகள் இரண்டும் பாரத்தில்
அமிழப் பார்த்தனவாம்.
லாரியின் பின்சக்கரமும்
ஈர மணலில் இறங்கிக்கொண்டது.
ஃபலேசி வலப்பக்கம், நான் இடப்பக்கம்
தோள் கொடுத்துத் தள்ளினோம்,
சேற்றிலும் வசையிலும் நனைந்து.