எழுத்துக்கு ஒன்பது ரூபாய்

வைர விழாக் கமிட்டி கூடி முடிவெடுத்தது:
தலைமையாசிரியர் அறைக்கு வெளியே
ஆறுக்கு நாலடியில் ஒரு பலகை.
மேலே ‘நம் பள்ளியின் மாணிக்கங்கள்’.
கீழே பதினான்கு பேர்.

பெயிண்டர் சிக்கந்தர் எழுத்துக்கு ஒன்பது ரூபாய் கேட்டார்.
புள்ளி இலவசம்.
கொம்புக்கும் காலுக்கும் தனிக் கணக்கு.
ஒரு ‘கோ’ எழுத இருபத்தேழு ரூபாயாய்யா என்று
பி.டி.ஏ. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

பட்டியல் எடுக்க வேண்டியது நான்.
இளநிலை உதவியாளர்.
இங்கே படித்தவளில்லை, திருமங்கலத்திலிருந்து
இரண்டு பஸ் மாறி சிலைமானுக்கு வருகிறவள்.
பரணிலிருந்து சேர்க்கைப் பதிவேடுகளை இறக்கினேன்.
எண்பத்தேழாம் வருடத்தைக்
கரையான் அட்டையோடு முடித்திருந்தது.
அந்த வருடத்தில் யாரும் புகழ்பெறவில்லை
என்று வைத்துக்கொண்டோம்.

முதல் பெயரில் தகராறில்லை: நீதியரசர் சோணைமுத்து.
அடுத்து நூர்நிஷா,
ராக்கெட்டுக்கு வால்வு சோதிப்பவர்.
கபடி ஒச்சம்மாள்,
இப்போது ஹூப்ளியில் டிக்கெட் பார்க்கிறார்.
டல்லாஸில் ஒருவர். என்ன வேலையென்று தெரியாது.
பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டித் தந்தார்,
எழுதிவிட்டோம்.
சீரியலில் சொத்தை அபகரிக்கும் சித்தப்பா
எந்தப் பேட்டியிலும் நம்மைச் சொன்னதில்லை.
அவர் படித்தது ஏதோ கான்வென்டாம்.
ஒன்பதாம் வகுப்பு ‘இ’ பிரிவில் மட்டும்
மூன்று வருடம் இருக்கிறார்.
‘அவன் பேரைப் பெருசா எழுதுங்க’ என்றார் ஹெச்.எம்.

செய்தித்தாளில் அதிகம் வந்தவர் என்று பார்த்தால்
தொண்ணூற்றாறு பேட்ச்,
ஒரு கொலை வழக்கில் இரண்டாம் எதிரி.
யாரும் வாய் திறக்கவில்லை.
டீ வந்தது.

தை மாதம் திறப்பு.
நீதியரசர் பேசிக்கொண்டிருக்கையில்
ராமேஸ்வரம் பாசஞ்சர் போயிற்று.
பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்.
முன்வரிசையில் பழைய மாணவர்கள் எல்லோரும்
கடைசிப் பெட்டி போகும்வரை சும்மா இருந்தார்கள்.
புது கலெக்டர் மட்டும் மைக் கெட்டுவிட்டதோ என்று
திரும்பிப் பார்த்தார்.

பிறகு என் மேசைக்கு வந்தார்.
‘என் பக்கம் கிடைக்குமாம்மா?’

அறுபத்தொன்பது, ஒன்றாம் வகுப்பு.
சோணைமுத்து. ஐந்து, ஆறு, அறுபத்துநான்கு.
விரலைக் கீழே இறக்கினார்.
ஐந்து, ஆறு, அறுபத்துநான்கு.
அதற்கும் கீழே ஐந்து, ஆறு.
முப்பத்தெட்டுப் பிள்ளைகளும்
ஒரே நாளில் பிறந்திருந்தார்கள்.
தலைக்கு மேலாகக் கையை விட்டு
மறுகாதைத் தொட்டதும்
வாத்தியார் போட்ட தேதி.

‘நான் பிறந்தப்ப ஆத்துல வெள்ளம்னு அம்மா சொல்லும்.
ஐப்பசி.’
ஆனி, ஆடி என்று கட்டைவிரலால் எண்ணினார்.
வரும் ஜூனில் அவருக்கு ஓய்வு.
ஐந்தாவது விரலில் நின்றார்,
ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்துமூன்றாம் வரியில் பிச்சைமணி.
நின்ற காரணம் என்ற கட்டத்தில்
ஒரே வார்த்தை: ‘ஆடு’.
‘இவன் இருக்கானா?’
ஜன்னலைக் காட்டினேன்.
கேட்டுக்கு வெளியே கொய்யாப்பழ வண்டி.

சிவப்பு விளக்குக் காரைத் தாண்டி நடந்து போனார்.
என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.
பிச்சைமணி ஒரு பழத்தை நாலாகக் கீறி
மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தான்,
நூறு ரூபாய்க்குச் சில்லறை தேடிப்
பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினான்.
அதுவரை வண்டியைப் பார்த்துக்கொண்டது
உயர்நீதிமன்றம்.

மாலையில் சிக்கந்தர் பில்லோடு வந்தார்.
கொம்பு, கால் சேர்த்து இருநூற்றுப் பதினேழு.
எண்ணிச் சரிபார்க்க நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது,
‘மணிக்கங்கள்’.
இவ்வளவு பேர் கைதட்டியும்
ஒருவர்கூடப் பார்க்கவில்லை.
‘காலை விட்டுட்டேனா?’ என்று தலையைச் சொறிந்தார்.
‘நாளைக்கு வந்து போட்டுர்றேன் மேடம்.
அதுக்குக் காசு வேணாம்.’