உடைஞ்ச கணக்கு

யோகபுரத்தில் இருந்து மாங்குளம் சந்திக்கு
முன்கூடையில் ஆறு தட்டு, நூற்றியெண்பது முட்டை.
லைற்றுக்கு மேலே கம்பி வளைத்துக்
கூடையைப் பற்றவைத்துத் தந்தவன் அன்றைக்கே சொன்னான்:
"அக்கா, இந்தச் சொக் இவ்வளவும் தாங்காது."
தாங்கவில்லை.
பிறேக் பிடித்தால் மோட்டச்சைக்கிள்
மூக்குக் குத்திக் கும்பிடும்.
வன்னிவிளாங்குளம் தாண்டும்போது
தட்டுக்கு அடியால் மஞ்சள் வடியும்,
மட்காட்டில் காயும், எறும்பு ஏறும்.

பதினேழு. பதினான்கு. இருபத்தியொன்று.
கலண்டரில் திகதிக்குக் கீழே எழுதி வைத்தேன்.
வேறு மீற்றர் என்னிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினுக்கு அடியில்
வீட்டுத்திட்டத்தில் மிஞ்சிய சீமெந்துக்கல் இரண்டு.
முன்சில்லு அந்தரத்தில்.
குழாயின் தலை நட்டைத் திருகத் திருக
உள்ளிருந்த ஸ்பிரிங் அதை உதைத்து எறிந்தது.
என் நாடியில் ஓர் அடி. நட்டுப் போய்
கோழிக்கூட்டுக்குள் விழுந்தது.
வெள்ளைப் பேடு ஒன்று கொத்திப் பார்த்து
பிடிக்காமல் விட்டது.

முதலில் இரண்டு ரூபாய்க் குற்றிகள்.
புதுக்குற்றிதான். பழையது குழாய்க்குள் இறங்காது.
பக்கத்துக்கு ஐந்தாய் ஸ்பிரிங்குக்கு மேல் அடுக்கினேன்.
"இருபது ரூபாயை உள்ளே போட்டு மூடுறீர்,
வட்டி வருமோ?" என்றாள் மச்சாள்.
திங்கள், பதினொன்று.
வட்டி வந்தது என்று
அன்றிரவே ஐந்தை எட்டாக்கினேன்.
செவ்வாய், இருபத்தாறு.
அது இப்போது சொக் இல்லை, உலக்கை.
கல்லில் ஏறினால் அந்தக் கல்லு
நேரே முழங்கைக்கும் முட்டைக்கும் வந்தது.

ஸ்பிரிங் தாங்க மட்டும்தான்.
ஆடினதை நிற்பாட்டுவது ஒயில்.
அடியாணியைக் கழற்ற
வந்தது ஒயிலா, சட்டி கழுவின தண்ணியா,
எனக்கு இன்னும் தெரியாது.
எஞ்சின் ஒயில் தடிப்பு. தையல் மெசின் ஒயில் தண்ணி.
மூன்றுக்கு ஒன்று கலந்தேன்.
குஞ்சுகளுக்கு மருந்து ஏற்றும் சிறிஞ்சால்
பக்கத்துக்கு எழுபத்தைந்து மில்லி.
வலப்பக்கம் ஊற்றும்போது போன் அடித்தது,
எண்ணிக்கை தவறியது,
எண்பதாகவும் இருக்கலாம்.
குற்றிகளை வெளியே எடுத்துவிட்டு
தண்ணிக்குழாயில் ஒரு விரற்கடைத் துண்டு அறுத்து
அந்த இடத்தில் வைத்தேன்.

வியாழன், இரண்டு.
வெள்ளி, ஒன்று. அது கோழி மெல்லிசாய் இட்டது.
சனி, கலண்டரில் ஒரு வட்டம்.

சந்தியில் ரொட்டிக்கடைப் பரராசா
வழக்கம்போலச் சில்வர் சட்டியோடு வந்து நின்றான்.
உடைஞ்சது எல்லாம் அவனுக்கு, அரைவிலை.
அவன் கொத்து ரொட்டி இவ்வளவு மலிவு ஏன் என்று
வவுனியா பஸ்காரருக்குத் தெரியாது.
"இண்டைக்கு?"
"இல்லை."
"ஒண்டும்?"
"ஒண்டும்."
சட்டிக்குள் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை,
இருந்தாலும் பார்த்தான்.
முழுவிலைக்கு எட்டு முட்டை எடுத்தான்.
மிச்சமாய்க் குடுத்த குற்றிகளை
மூக்கில் வைத்து மணந்தான்.
பிறகு ஹாண்டிலில் இரண்டு கையும் ஊன்றி,
வாங்க வந்தவன் மாதிரி,
மூன்று தரம் அமத்திப் பார்த்தான்.
"வலப்பக்கம் கொஞ்சம் இறுக்கம்" என்றான்.
அந்த அஞ்சு மில்லியைக் கண்டுபிடித்துவிட்டான்.

திங்கட்கிழமை நாலு உடைந்தது.
கலண்டரில் எழுதினேன்.
பாலத்தடியில் இருக்கிற அந்தப் பள்ளம்
எனக்கு நல்லாய்த் தெரிந்த பள்ளம்.