விளிம்பு

பெரிய வெள்ளிக்கு இங்கே விடுமுறை கிடையாது.
வங்கிக் கவுண்டரை மூடிவிட்டு
செந்தூல் ரயிலில் நின்றபடியே வந்து
ஆராதனையில் கடைசி வரிசையில் உட்காருவேன்.
திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் முன்னால்.
கிண்ணம் ஏந்துகிறவள். பதினாறு வருடமாக.

அந்த வாரம் வேதபாடத்தில் குவாபெனா சொன்னான்:
"தேவன் கறுப்பர்."
கானாவிலிருந்து பொறியியல் படிக்க வந்தவன்.
அவன் அறைக்குப் பக்கத்துக் கோயில் எங்களுடையது,
அவ்வளவுதான்.
பொருள் தெரியாத ஞானப்பாட்டுக்கும்
எல்லோருக்கும் முன்னால் எழுந்து நிற்பான்.

நான்தான் மறுத்தேன்.
தேவன் ஆவியாயிருக்கிறார், தம்பி.
நிறமில்லை, கட்சியில்லை.
வெள்ளைக்காரன் தன் முகத்தை அவர்மேல் ஒட்டினான்.
அதைக் கிழித்த கையால்
நீ உன் முகத்தை ஒட்டலாமா?

"வார்த்தை மாம்சமானது, அக்கா."
அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அந்த அக்கா.
"மாம்சத்துக்குத் தோல் உண்டல்லவா?
சவுக்கு பட்ட தோல்?"

உண்டு. அது யூதத் தோல்.
தாவீதின் வித்து, மரியாளின் பால் குடித்து வளர்ந்தது.
அதை உனக்கு மாற்றி எழுத முடியாது.
எனக்கும் முடியாது.

அவன் பேனாவை மூடினான்.
"எங்கள் கடற்கரையில் ஒரு கோட்டை இருக்கிறது.
கீழே சங்கிலி போட்ட மனிதர்கள்,
மேலே ஜெபக்கூடம்.
அந்த மாடியிலும் இதே விசுவாசப் பிரமாணத்தைத்தான்
சொல்லியிருப்பார்கள்.
ஒரு சொல் குறையாமல்."

அதற்கு என்னிடம் வசனம் இல்லை.

சனி இரவு அவன் அடுக்குமாடியில் சோதனை.
கடப்பிதழ் விசா புதுப்பிக்கக் கல்லூரியில் இருந்தது.
போதகரும் நானும் காவல் நிலையத்தில்
நீல நாற்காலிகளில் விடியும்வரை.
தூக்கம் வராமலிருக்க விசுவாசப் பிரமாணம் சொன்னேன்.
"பொந்தியு பிலாத்துவின்கீழ் பாடுபட்டு"
என்ற இடத்தில் நாக்கு நின்றது.
பேதுரு பெயர் இல்லை அதில். யோவான் பெயர் இல்லை.
ஓர் அதிகாரியின் பெயர் இருக்கிறது,
கையெழுத்துப் போட்டவனின் பெயர்.
சபை அதை ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறது என்று
ஐம்பது வயதில் முதல்முறை யோசித்தேன்.

ஆறு மணிக்கு விட்டார்கள்.
அதே சட்டையோடு உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு வந்தான்.

திருவிருந்துக் கிராதியில்
சத்தியசீலன் அண்ணன் அவனுக்கு அடுத்து முழந்தாளிட்டவர்
எழுந்து, அவனுக்கு முந்திய இடத்துக்குப் போனார்.
முதுகுவலிபோல் நடித்துக்கொண்டு.
பேருந்தில் ஒருவன் 'கெலிங்' என்றதற்கு
புகார் எழுதி என்னிடம் திருத்தக் கொடுத்தவர்.
வாசலில் செருப்புக் கழற்றும்போது
'காப்பிலி' என்று கிசுகிசுத்ததும் அவர்தான்.

பார்த்தேன். உள்ளுக்குள் எரிந்தேன்.
இரத்தம் உனக்காகச் சிந்தப்பட்டது என்று சொல்லி
குவாபெனாவுக்குக் கொடுத்தேன்.
துணியால் விளிம்பைத் துடைத்தேன்.
எல்லோருக்கும் ஒருமுறை.
அதுதான் வழக்கம்.

கை மறுபடியும் துணியைத் தேடியது.

நான் அதை அனுப்பவில்லை.
அதுவாகப் போனது.

எல்லாரும் பாவஞ்செய்தார்கள் என்ற வசனத்தை
வியாழன்வரை அவனுக்காகத்தான் வைத்திருந்தேன்.
தேவன் கறுப்பர் என்று இன்றும் சொல்ல மாட்டேன்.
அடுத்த வேதபாடத்திலும் மறுப்பேன்,
அவனும் விடமாட்டான்.
ஆனால் அந்த மாடியின் படிக்கட்டு
செந்தூல்வரை நீண்டிருக்கிறது.

துணியை மடித்துப் பிடித்தேன்.
அடுத்தவள் ஒரு சிறுமி,
ஈரமாகவே குடித்தாள்.