தகடு இளைக்கிறது

தை மாதம் மாட்டும்போது ஒரு தகடு ஒன்பது கிலோ.
இன்று தராசில் வைத்தேன், நாலேகால்.
மிச்சம் நாலேமுக்காலை
பொட்டல்விளைக்காரர்கள் யாரும் குடித்துவிடவில்லை.
தொட்டிக்கு அடியில் கிடக்கிறது
செங்காவிச் சேறாக.

காலை ஆறரைக்கு ஷெட்டைத் திறப்பேன்.
போர் தண்ணீர் தொட்டியில் ஏறும்.
பன்னிரண்டு இரும்புத் தகட்டுக்கும் கரண்ட்.
மணிக்கொரு தடவை பிளஸ்ஸை மைனஸாக்கணும்,
மறந்தால் தகட்டில் பொருக்குக் கட்டும்,
தண்ணீர் போன மாதிரியே திரும்பி வரும்.

பளிங்காக இருந்தது
முதலில் டீத்தண்ணி, பிறகு சகதி.
முதல் வாரம் எட்டிப் பார்த்த
வார்டு மெம்பர் பூலோகபாண்டி கேட்டார்:
'நல்ல தண்ணியக் கெடுக்கதுக்கா தாயி
சம்பளம் தராவ?'

நல்ல தண்ணீர். அதுதான் தொல்லை.
கரித்திருந்தால் துப்பியிருப்போம்.
இதில் துவரம்பருப்பு பூவாய் வெந்தது.
பக்கத்து ஊர்க்காரர்கள்
சைக்கிளில் குடம் கட்டி வந்து கேட்டு வாங்கிப் போனார்கள்.

வண்டிமலைச்சி அக்கா உள்ளங்கையில்
கடுகு கடுகாய்ப் புடைத்திருந்ததை
பீடிக் காய்ப்பு என்றே நினைத்திருந்தோம்.
நாளைக்கு ஆயிரம் சுற்றுகிற கை
காய்க்காமல் என்ன செய்யும்?
உள்ளங்காலிலும் இருந்தது.
காலாலுமா பீடி சுத்துறீங்க என்று
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
ஒரு சின்ன டாக்டர் பிள்ளைதான் கேட்டாள்.

ஆர்செனிக் என்று சீட்டில் எழுதினாள்.
ஊர் வாயில் அது அரசாணி ஆனது,
கல்யாண வீட்டில் நடுகிற காலின் பேர்.

மத்தியானம் பாட்டிலில் தண்ணீர் பிடித்து
பொடி போட்டு, மூடிக்கு அடியில்
வெள்ளைத் தாள் துண்டைச் செருகி
இருபது நிமிஷம் உட்கார்ந்திருப்பேன்.
மஞ்சளடித்தால் மறுபடி ஓட்டணும்.
பழுப்பென்றால் குழாய்க்குப் பூட்டு.
என் உத்தியோகத்தில் நல்ல நாள் என்பது
ஒன்றுமே நடக்காத ஒரு தாள்.

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும்
சும்மா இருக்காது என்பார்கள்.
ஷெட்டில் ஃபேன் உண்டென்று
அக்கா முறத்தோடு வந்துவிடுவாள்.
அவள் இலை வெட்ட, நான் பொருக்கு சுரண்ட,
ஒருநாள் தலை நிமிராமல் கேட்டாள்:
'ஏட்டி சேர்மக்கனி, அந்த விசம் இப்ப எங்க இருக்கு?'

கொன்னாச்சு என்று சொல்ல வாய் வந்தது.
அது சாகாது.
துரு அதைக் கட்டிக்கொண்டு
அடியில் போய் உட்காருகிறது, அவ்வளவுதான்.
பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன்:
காய்ந்த சேறு, பதினோரு மூட்டை,
சிமெண்ட் தளத்தில், தார்ப்பாய்க்கு அடியில்.
லாரி வரும் என்று சித்திரையில் சொன்னார்கள்.
அதற்குள் சூளைக்கார ஞானதிரவியம்
இரண்டு தடவை வந்து போய்விட்டார்,
செங்கலுக்கு நிறம் ஏறுமாம்,
மூட்டைக்கு நாற்பது ரூபாயாம்.
சாவி என் இடுப்பில்.

அக்கா மூட்டைகளை ஒவ்வொன்றாய்த் தட்டி எண்ணினாள்,
கட்டு எண்ணுகிற மாதிரி.
'இது போக எனக்குள்ள எத்தன மூட்ட இருக்கும்?'
கிட் பெட்டியில் அதற்குத் தாள் கிடையாது.

இன்று மூன்றரைக்குக் கரண்ட் போயிற்று.
தொட்டியில் பாதிச் சிவப்பு. தகடுகள் சும்மா நிற்கின்றன.
கணவாய்ப் பக்கமிருந்து ஆடிக் காற்று அடிக்க
ஊரைச் சுற்றி இருபது முப்பது காற்றாலை
எந்த ஊர் விளக்குக்கோ சுழல்கின்றன.
வாசலில் குடங்கள், முதல் குடம் அக்காவுடையது.
பொறுக்கா என்றேன்.

நாங்கள் சிவப்பு பெயிண்ட் அடித்த பழைய அடிபம்பு
பத்தடி தூரத்தில்.
அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
குடத்தைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு
கத்தரியை எடுத்தாள்.